பூஞ்சாற்று மிகையரணர்

கம்பவுண்டர் சேக் பரீது ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தபோது கலவையர் ஆகியிருந்தார். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு மேலே புதுப் பலகை, பச்சைப் பெயிண்டில் ‘கலவையர்’. மற்றபடி வேலை அதேதான். சிவப்புத் தண்ணீர், வெள்ளைத் தண்ணீர், சீசாவின் முதுகில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டி, பல்லுக்கு ஒரு வேளை.

வாசல் கூட்டுகிற ஒச்சம்மாளுக்கும் பதவி மாறியிருந்தது. ‘தூய்மையாட்டி’ என்று பரீது வாசித்துக் காட்டினார்.

“பேரு மாறிருச்சுல்ல, வெளக்கமாத்தையும் மாத்தித் தரச் சொல்லுங்க பாய். குச்சி பூராம் உதுந்து போச்சு.”

அது அறுபத்தெட்டாம் வருஷம். சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய டாக்டர் வயிரவன், சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கழற்ற ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தின வருஷத்துத் தேர்தல் வரைக்கும், காரைக்குடியில் அவரிடம் வந்த நோயாளிகள் வயிற்றுவலியைத் தமிழில் சொல்லி ஆறுதலை இங்கிலீஷில் வாங்கிப் போனவர்கள். தேர்தலில் காற்று திரும்பியது. டாக்டரும் திரும்பினார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தெர்மாமீட்டர் வெம்மைமானி ஆனது. சிரிஞ்சு பீச்சுகுழல் ஆனது. ஆஸ்பத்திரி மாடியில் ஞாயிறுதோறும் ‘மெய்யரண் மன்றம்’ கூடி, உடம்பு சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் சொற்களை ஒவ்வொன்றாக நாடு கடத்தியது. மன்றத்துக்கு மூன்று உறுப்பினர்கள். டாக்டர், ரிட்டயரான தமிழாசிரியர் ஒருவர், போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர். மூன்றாமவர் முதல் கூட்டத்தைப் படமெடுக்க வந்து, ஆள் குறைந்ததால் உறுப்பினர் ஆனவர். எல்லாச் சொற்களையும் திரட்டி ‘மெய்யரண்’ என்ற பெயரிலேயே டாக்டர் ஒரு புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார்.

கெட்ட டாக்டர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். அந்தக் கைக்காகத்தான் பரீது பதினோரு வருஷமாக அவரிடம் இருந்தார். பரீதுக்கு என்று ஒரு பலவீனம் உண்டு, கையெழுத்து. ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு உறை எழுத அவரைத்தான் தேடி வருவார்கள். ‘ண’வுக்கு மூன்று சுழி போடும்போது அவர் மூச்சை நிறுத்திக்கொள்வார். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் நிறுத்துவார்.

ஆசைத்தம்பி தச்சு வேலைக்காரர். முப்பத்தைந்து வயது. உளி பட்டுக் கால் பெருவிரல் சீழ் பிடித்து, வைகாசியில் நொண்டிக்கொண்டு வந்தார்.

“பென்சிலின் போடு பரீது,” என்றார் டாக்டர். அப்போது அந்தச் சொல்லுக்கு மன்றம் இன்னும் மாற்று கண்டுபிடித்திருக்கவில்லை.

“டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கிடவா அய்யா?”

“போன பங்குனியிலதான அஞ்சு நாள் போட்டோம்? ஒண்ணும் பண்ணலைல்ல? போடு.”

பரீது போட்டார். பஞ்சால் தேய்த்துவிட்டுத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் ஆசைத்தம்பி உள்ளங்கையைச் சொறிந்தார்.

“பாய், ஒடம்பு பூராம் மொளகாப் பொடியைத் தூவின மாதிரி இருக்கு.” அடுத்த வார்த்தை தொண்டையிலேயே நின்றது. உதடு வீங்கியது. முகம் சாம்பல் பூத்தது. உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு சரிந்தார்.

டாக்டர் அறையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். “அட்ரினலின் எங்கிட்டுய்யா வச்சிருக்க? சிரிஞ்ச எடு! பெட்டுல போடு, காலைத் தூக்கிப் பிடி, ஒச்சம்மா, பேனைப் போடுத்தா!”

அந்தப் பத்து நிமிஷமும் டாக்டர் வாயிலிருந்து ஒரு கலைச்சொல் கூட வரவில்லை. பீச்சுகுழல் என்று கேட்டிருந்தால் பரீது எனிமா டப்பாவைத்தான் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பார். அன்றைக்கு ஆசைத்தம்பி பிழைத்தது டாக்டரின் கையாலும், அவருடைய கொச்சைத் தமிழாலும்.

நாடி திரும்பிய பிறகு ஆசைத்தம்பி கேட்டார். “போன தடவை போட்டப்ப ஒண்ணும் பண்ணலையே அய்யா?”

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்திருந்தது. “போன தடவை ஒன் ஒடம்பு அந்த மருந்தோட மொகத்தைப் பாத்து வச்சுக்கிருச்சுப்பா. ரத்தத்துல காவக்காரன் இருக்கான். வந்தவன் யாரு, நம்மாளா வேத்தாளான்னு பாக்குறதுதான் அவன் சோலி. அம்மை குத்துறோமே, அதுவும் இதுதான். அம்மையோட அடையாளத்தைக் காவக்காரனுக்குக் காட்டி வைக்கிறோம். அடுத்து நெசமாவே வந்தா வாசல்லயே அடிச்சு வெரட்டிருவான். ஒன் காவக்காரன் மருந்தைப் போயி திருடன்னு நெனச்சுட்டான். ஊரையே கூட்டியாந்துட்டான். திருடனை அடிக்க வந்த கூட்டம் வீட்டை இடிச்சுட்டுப் போயிருச்சு.”

“அப்ப எனக்கு இருக்குறது கெட்டிக்கார ஒடம்பா, கிறுக்கு ஒடம்பா?”

“கெட்டிக்காரக் கிறுக்கு.” டாக்டர் சிரிக்கவில்லை. “இங்கே பாரு. இன்னொரு தடவை அந்த ஊசி ஏறுச்சுன்னா இந்தப் பத்து நிமிஷம் கெடைக்காது. ரெண்டு நிமிஷம்தான். எங்க போனாலும் யாரையும் போட விட்டுறாத. போட்டா நீ இல்ல.”

பரீது அதற்கு மேல் தெளிவாக ஒரு மனுஷன் உடம்பைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. ஜன்னலுக்குப் போய், மன்றத்தின் பெயர் அச்சிட்ட அட்டை ஒன்றை எடுத்தார். பழைய இங்கிலீஷ் அட்டைகளை டாக்டர் எரித்துவிட்டதால் ஆஸ்பத்திரிக்கும் மன்றத்துக்கும் அது ஒன்றுதான் அட்டை. ‘இவருக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது. போட்டால் செத்துப்போவார்’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கொண்டுபோனார்.

அதற்குள் டாக்டர் முகம் கழுவி, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தமிழும் மாறியிருந்தது.

“ஒத்துக்காதா? என்ன பரீது இது, சந்தையில் கத்தரிக்காய் விற்கிற பேச்சு! பென்சிலின்! மருத்துவமனை அட்டையில் அயல்மொழி!” அவர் கண்ணை மூடினார். மூடினால் சொல் பிறக்கும் என்பது ஊருக்கே தெரியும். “பென்சிலின் எதிலிருந்து எடுக்கிறார்கள்? பூஞ்சையிலிருந்து. பூஞ்சைச் சாறு... பூஞ்சாறு. காவல் மிஞ்சிப்போனவன் மிகையரணன். மரியாதையாக, மிகையரணர். எழுது. பூஞ்சாற்று மிகையரணர்.”

“அய்யா, வெளியூர் டாக்டர்மாருக்கு வெளங்குமா?”

“விளங்க வைப்பதற்குத்தானே மன்றம்? நாமே எழுதாவிட்டால் நாளைக்கு எவன் எழுதுவான்?”

“கீழ சின்னதா பழைய மாதிரியும் ஒரு வரி...”

“தாலி கட்டும்போது இரண்டு பெண்ணுக்கா கட்டுவாய்?”

பரீது புது அட்டை எடுத்தார். ‘ற்று’ சேர்ந்து விழுந்த அழகிலும், ‘மிகையரணர்’ நடுவில் ‘ண’ மூன்று சுழியோடு கோபுரம் மாதிரி நின்றதிலும், அவர் மூச்சு ஒரு கணம் நின்றது. இத்தனை நல்ல எழுத்து ஒரு கல்யாண உறையில் கூட அமைந்ததில்லை. பென்சிலின் என்கிற மருந்து ஆசைத்தம்பியின் ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பென்சிலின் என்கிற சொல் டாக்டரின் நாக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வியாதியும் ஒரே அட்டையில் சேர்ந்துவிட்டன. அது அன்றைக்குப் பரீதுக்குத் தோன்றவில்லை. மை காய ஊதினார்.

“இது எந்நேரமும் சட்டைப் பையில இருக்கணும். ஊசின்னு எவன் கிட்டக்க வந்தாலும் மொதல்ல இதைக் காட்டு,” என்றார் ஆசைத்தம்பியிடம்.

“என்ன எழுதியிருக்கு பாய்?”

“பென்சிலின் போடக்கூடாதுன்னு.”

“எதுல? இதுலயா?” ஆசைத்தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெரியவுக எழுத்து. எனக்கெங்க புரியப்போகுது.” பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு டாக்டருக்கு மிகையரணர்கள் தேவைப்பட்டார்கள். புத்தகத்தில் அந்த அத்தியாயம் மெலிந்திருந்தது. ஊசி போடுகிறவர்களை எல்லாம் முதலில் தோலில் ஒரு துளி போட்டுப் பார்க்கச் சொன்னார். அதுவரைக்கும் நல்லது. தடித்தவர்களுக்கு எல்லாம் அட்டை. ஜவுளிக்கடை சுல்தான், பென்சிலின் மாத்திரை சாப்பிட்டு உதடு உருளைக்கிழங்காக வந்தவர், அவருக்கும் அட்டை. ஆடி பிறப்பதற்குள் ஏழு பேர் ஆனார்கள்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தின் சார்பில் மண்டபத்தில் டாக்டர் சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு ‘அகச்சமன்’.

“வெளியே வெயில் நூற்றைந்து பாகை. உள்ளே தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு! மார்கழிப் பனியிலும் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு! எப்படி? வெம்மை ஏறினால் வியர்வை. இறங்கினால் நடுக்கம். உப்பு மிஞ்சினால் தாகம். சர்க்கரை மிஞ்சினால் ஈரல் அதை எடுத்து ஒளித்து வைக்கும். அரசன் ஆணையிட வேண்டாம். அமைச்சன் ஓட வேண்டாம். தராசின் முள் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். இதுவே...”

கரண்டு போனது. மைக் செத்தது. பேன் நின்றது. நாற்பது பேர் துண்டை எடுத்து அகச்சமனை நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

“அய்யாவுக்கு உள்ள இருந்த சமனெல்லாம் சட்டைக்கு மேல வந்துருச்சு,” என்றாள் பின்வரிசையில் ஒச்சம்மாள்.

கரண்டு வந்ததும் டாக்டர் ஆசைத்தம்பியை மேடைக்குக் கூப்பிட்டார். “இதோ, நம் மண்ணின் முதல் பூஞ்சாற்று மிகையரணர்!” போட்டோ ஸ்டூடியோக்காரர் பல்பை அடித்தார். கூட்டம் கைதட்டியது. தமிழாசிரியர் ஒரு துண்டைப் போர்த்தினார். ஆசைத்தம்பி நெளிந்தார். இறங்கி வந்து பரீதின் காதில் சொன்னார். “கதவு செஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு பாய், ஒருத்தன் கைதட்டலை. செத்துப் பொழைச்சதுக்குத் தட்டுறாய்ங்க.”

டீக்கடையில் ஒரு மாசம், “மிகையரணரே, டீயா காப்பியா?” என்று ஓட்டினார்கள். அவருக்கும் அது பிடிக்காமல் இல்லை.

ஆவணியில் வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக்கு மேல்கூரை வேலை. ஆசைத்தம்பியும் கூட்டாளி முத்துவீரனும் போயிருந்தார்கள். நாலாம் நாள் மதியம் சாரம் முறிந்து ஆசைத்தம்பி விழுந்தார். தலையில் அடி, நினைவில்லை. தொடையில் ஆணி கிழித்த காயம். வீட்டுக்காரர்கள் காரில் ஏற்றி, போகிற வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் முத்துவீரன்தான் பரீதிடம் வந்து சொன்னான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி.

“கார்டைக் காட்டுனேன் பாய். ஊசி மருந்தைக் கலக்குறதுக்கு முந்தியே காட்டிட்டேன். ‘ஊசிக்கு முந்தி இதைக் காட்டணும்னு சொல்லியிருக்காக’ன்னும் சொன்னேன். அந்த டாக்டரு வாங்கி வாசிச்சாரு. மெய்யரண் மன்றம், பூஞ்சாற்று... என்னமோ. ரெண்டு தரம் வாசிச்சாரு. நர்சம்மா எட்டிப் பாத்துட்டு, ‘பட்டம் சார் இது. இப்பதான் ஆளாளுக்குக் குடுக்குறாகளே. பூஞ்சாறுன்னா தேன் மாதிரி பாடுவாரு போல’ன்னுச்சு. டாக்டரு என்னையப் பாத்து, ‘இவரு கவிஞரா?’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தச்சு வேலைங்க, ஆனா மேடையில ஏத்திக் கைதட்டி, துண்டு போத்தி, போட்டோ எடுத்திருக்காகன்னேன். பொய்யில்லையே பாய்? ‘சரி, சரி, காட்டியாச்சுல்ல, தள்ளி நில்லு’ன்னுட்டாரு. கார்டை என் கையிலயே குடுத்துட்டு ஊசியைப் போட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன பாய். நான் கார்டை மடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

பரீது பஞ்சை எடுத்தார், வைத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் அன்றைக்குச் செருப்பில்லாமல் ஓடி வந்தவரின் சாயல் ஒரு கணம் வந்தது. வந்த வேகத்தில் போனது. தராசின் முள் தானாக நடுவுக்கு வந்து நின்றது.

“தமிழ் தெரியாத மருத்துவன் கொன்றுவிட்டான் பரீது.”

“அவரும் தமிழாள்தான் அய்யா.”

“தமிழன் என்றால் தமிழ் தெரியுமா? இதைத்தானே நான் கத்திக்கொண்டிருக்கிறேன்? கலைச்சொல் பரவாததால் ஓர் உயிர் போயிற்று. இதை முன்னுரையில் எழுத வேண்டும்.” சற்றுப் பொறுத்து, “நூலையே அவனுக்குக் காணிக்கை ஆக்கிவிடலாம்,” என்றார். கண்ணில் ஈரம் இருந்தது. அது பொய் ஈரம் இல்லை என்பதுதான் பரீதுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் ஆசைத்தம்பியின் மனைவி நாகவல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் அட்டை. டாக்டர் முன்னால் நின்றாள்.

“முத்துவீரன் என்னென்னமோ சொல்றான் அய்யா. அவுகளுக்கு என்ன பட்டம் குடுத்தீக? அதுக்கு என்ன அர்த்தம்?”

பரீது கதவுக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது சொல்லிவிடலாம். இரண்டு வரிதான்.

“அம்மா, மனித உடலுக்கு ஓர் அரண் உண்டு,” என்று டாக்டர் தொடங்கினார். “உன் கணவனின் அரண் சாதாரண அரண் இல்லை. அளவை மீறியது. கோடியில் ஒருவனுக்கு வாய்க்கும். அதைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.”

“அம்புட்டு வலுவான ஒடம்பா அவுகளுக்கு?”

“மிகை வலு.”

“பெறகு எப்படிச் செத்தாக?”

“அங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.”

நாகவல்லி தலையாட்டினாள். புரிந்த தலையாட்டல் இல்லை, மரியாதைக்கு ஆட்டியது. முந்தானையால் அட்டையைத் துடைத்து மடித்துக்கொண்டாள். போகும்போது கதவருகே பரீதை ஒரு தரம் பார்த்தாள். பரீது சீசாவில் பல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் புத்தக வெளியீடு. பரீதிடம் வாழ்த்து மடலை எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினார். எழுத்து கோணும் என்று நினைத்தார். கோணவில்லை. கைக்கு அவரை விடக் கெட்டியான மனசு. மேடையில் நாகவல்லியை உட்காரவைத்து, முதல் பிரதியைக் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். ‘பூஞ்சாற்று மிகையரணர் அமரர் ஆசைத்தம்பி அவர்களுக்கு’ என்று காணிக்கை வரியைத் தமிழாசிரியர் குரல் தழுதழுக்க வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாகவல்லியும் எழுந்து நின்றாள், எதற்கென்று தெரியாமல்.

“பாய்,” என்றாள் ஒச்சம்மாள், பக்கத்தில் நின்று, மேடையைப் பார்த்தபடியே. “அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டீகளா?”

“இல்ல.”

“வெளங்கிரும்.”

மறுநாள் காலை பரீது நாகவல்லியின் வீட்டுக்குப் போனார். புத்தகம் அடுப்பங்கரை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. பொன்னாடை கொடியில் தொங்கியது. அவர் உட்காரவில்லை. பென்சிலின் என்றால் என்ன, வைகாசியில் நடந்து ஆசைத்தம்பி வீட்டில் சொல்லாமல் விட்டது என்ன, முதலில் தான் என்ன எழுதினார், பிறகு என்ன எழுதினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த அட்டையில் இருந்தது பட்டம் இல்லை, போடாதே என்கிற எச்சரிக்கை என்று சொன்னார்.

நாகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“மொதல்ல எழுதினது என்னது? திருப்பிச் சொல்லுங்க.”

“இவருக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது. போட்டால் செத்துப்போவார்.”

“இது எனக்கே வெளங்குதே.”

பரீது அலமாரியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“யாரு எழுதினது அந்தக் கார்டு?”

“எழுத்து என்னோடது. சொல்லு டாக்டரோடது.”

“செத்தது என் வீட்டுக்காரரு. பங்கு சரியாத்தான் பிரிச்சிருக்கீக.” களைந்த தண்ணீரைச் சாய்த்தாள். அடியில் ஒன்றிரண்டு கல் கிடந்ததைப் பொறுக்கி எறிந்தாள். “அன்னைக்கு நான் கார்டைக் கொண்டாந்து நின்னப்பவே சொல்லியிருக்கலாம்ல பாய்? அவுகளைத்தான் காப்பாத்த முடியலை. அந்த மேடைக்கு நான் போகாமயாச்சும் இருந்திருப்பேன்ல? அம்புட்டுப் பேரு முன்னாடி, புருஷனைக் கொன்ன எழுத்தைக் கையெடுத்துக் கும்புட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.”

பரீது நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னும் எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்திருக்கீக?”

“ஆறு பேரு.”

“அப்ப இங்க என்னத்துக்கு நிக்கிறீக?”

அவர் டாக்டரிடம் போய், அட்டைகளை மாற்றி எழுதிக் கொடுக்க அனுமதி கேட்டார். டாக்டர் வெளியீட்டுக்கு வந்த வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். “இப்போது போய் மாற்றினால், நூலில் இருப்பது தவறு என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகாதா?” என்றார். ஒத்துக்கொள்வது என்கிற சொல்லை அவர் கேலி இல்லாமல் சொல்லிப் பரீது கேட்டது அப்போதுதான் முதல் தடவை. அன்று மாலையே அனுமதி இல்லாமல் கிளம்பினார்.

ஆறு துண்டுக் காகிதம். ஆறிலும் அதே இரண்டு வரி. வேண்டுமென்றே கோணல் மாணலாக, கொட்டை எழுத்தில் எழுதினார். பெத்தன் என்கிற வண்டிக்காரன் பழைய அட்டையை எங்கேயோ தொலைத்திருந்தான். புதியதை வாங்கி மடியில் செருகிக்கொண்டான். அக்கம்மாள் என்கிற கிழவி, “ரெண்டும் இருக்கட்டும், டாக்டரு கோவிச்சுக்குவாரு,” என்று பழையதைத் தர மறுத்தாள். நெற்குப்பை ஊர்க்காரர் ஒருவர் வேலைக்கு மதுரை போய்விட்டார், விலாசம் யாருக்கும் தெரியாது. ஒருவர் சிரித்தார். “எனக்கும் ஒரு மேடை போடுவாக போலன்னு இருந்தேன், கெடுத்துட்டீகளே.” இன்னொரு வீடு பூட்டியிருந்தது. கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார்.

கடைசியாகச் சுல்தான். கடையில் இல்லை, வீட்டில் இருந்தார். கூடத்தில் மக்கா படம், கடிகாரம். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பரீதின் கையெழுத்து. ‘ண’ மூன்று சுழியோடு கோபுரம் மாதிரி நின்றது.

“இதைச் சட்டைப் பையில வைக்கணும்னுல்ல சொன்னேன்?”

“அழுக்காயிரும் பரீதண்ணே. எம்புட்டு நல்ல எழுத்து.”

பரீது விஷயத்தைச் சொன்னார். சுல்தான் முழுக்கக் கேட்டார். ஆசைத்தம்பி செத்த விதத்தைச் சொன்னபோது இன்னாலில்லாஹி சொன்னார். அட்டையைக் கழற்றித் தரச் சொன்னதும்தான் முகம் மாறியது.

“அண்ணே, இந்த ஊர்ல ஏழு தலைமொறையா இருக்கோம். எங்க வீட்டுல தமிழைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஆனா கடைக்கு வர்றவன் கேக்குறான், ‘பாய், வீட்டுல உருது பேசுவீகளா?’ன்னு. ‘தமிழ் நல்லாப் பேசுறீகளே’ன்னு வேற மெச்சிக்கிறான். இப்ப எவன் கேட்டாலும் இந்தச் சொவரைக் காட்டுறேன். வாய மூடிக்கிறான். தமிழ் மன்றம் குடுத்தது. ஆசைத்தம்பிக்கு மேடையில வாசிச்ச அதே பேரு. அதைப் போயி நம்மாளு நீங்களே பிடுங்க வாரீகளே?”

“பேரு இல்லப்பா அது. ஒனக்கு இருக்குற வியாதி.”

“இருந்துட்டுப் போகட்டும். தமிழ்லதான எழுதியிருக்கு?”

பரீது சுவரைப் பார்த்தார். காவக்காரனுக்கு யார் நம்மாள், யார் வேத்தாள் என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சுல்தானுக்கு எந்தத் தமிழில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உள்ளேயிருந்து சுல்தானின் மனைவி ஆபிதா எட்டிப் பார்த்தாள். இவ்வளவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “எதுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீக? அந்தத் துண்டுச் சீட்டைப் பின்னாடி ஒட்டிருங்களேன் அண்ணே. சோத்துப் பருக்கை தாரேன்.”

சுல்தான் யோசித்தார். முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி செய்துகொண்டு சட்டத்தைக் கழற்றினார். பரீது பருக்கையை நசுக்கித் தடவி, துண்டுக் காகிதத்தைச் சட்டத்தின் முதுகில் ஒட்டினார். ஓரம் எழும்பாமல் கட்டை விரலால் நாலு பக்கமும் அழுத்தினார். பென்சிலின் ஊசி ஒத்துக்காது, போட்டால் செத்துப்போவார். கொட்டை எழுத்து. எழுதத் தெரியாதவன் எழுதியது மாதிரி இருந்தது.

சுல்தான் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நேரா இருக்கா பரீதண்ணே?”

“நேராத்தான் இருக்கு,” என்றார் பரீது.